ஓய்வுக்குப் பின் எந்தப் பக்கம்?

திருவனந்தபுரத்தில் 2021 மே 24ஆம் தேதி கேரளத்தின் புதிய சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பதவியேற்றார்கள். பெரும்பாலோர் மலையாளத்தில் உறுதிமொழி எடுத்தார்கள். வடக்கே மஞ்சேஸ்வரத்திலிருந்து வந்தவர் கன்னடத்தில் எடுத்தார். மூணாறு மலையை உள்ளடக்கிய தேவிகுளம் தொகுதியின் மார்க்சிஸ்ட் உறுப்பினர் ஏ. ராஜா தமிழில் எடுத்தார். பிரச்சினை பிறகுதான் தெரிந்தது. அவர் வாசித்த தமிழ் மொழிபெயர்ப்பில், உறுதிமொழியை உறுதிமொழியாக ஆக்கும் சொற்களே விடுபட்டிருந்தன. ஜூன் 2ஆம் தேதி அவர் மீண்டும் பதவியேற்க வேண்டியதாயிற்று. முறையாகப் பதவியேற்காமல் அவையில் உட்கார்ந்த நாட்களுக்கு அபராதம் என்ற பேச்சும் எழுந்தது. மொழிபெயர்த்தது அவரல்ல, கையில் கொடுத்த தாளை வாசித்தார், அவ்வளவுதான்.

அத்துடன் முடியவில்லை. தேவிகுளம் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் தொடுத்த வழக்கில், ராஜா அந்த ஒதுக்கீட்டுக்கு உரியவர் அல்ல என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6ஆம் தேதி அந்தத் தீர்ப்பை மாற்றி, தேர்தல் செல்லும் என்றது. வழக்கில் மதம் பற்றிய கேள்வி முதலிடம் பெற்றது. ஆனால் கூடவே இன்னொரு கேள்வியும் அலசப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அவருடைய பாட்டனும் பாட்டியும் 1950க்கு முன்பே கேரள மண்ணில் குடியேறியவர்களா?

சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கே பாட்டன் எப்போது மலையேறினார் என்று உச்ச நீதிமன்றம் வரை நிரூபிக்க வேண்டியிருந்தது என்றால், கொழுந்து பறிப்பவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். மூணாறுத் தோட்டத் தமிழர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்றபின் எந்த மாநிலத்தில் குடியிருப்பது?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இனிமையான சிக்கலாகத் தோன்றலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவா, அந்தச் சரிவா? குளிரும் மழையும் வேண்டுமா, தேனி மாவட்டத்து வெயிலும் சொந்தபந்தமும் வேண்டுமா? நகரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர்கள் மலைப்பிரதேசத்தில் வீடு தேடும்போது இப்படித்தான் யோசிக்கிறார்கள். தோட்டத் தொழிலாளிக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆனால் அந்த வீடு வேலை செய்பவருக்கு உரியது. பிறந்தது, கல்யாணம் முடித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வரிசை வீட்டில்தான் என்பது கணக்கில் வராது. மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் வீடு அவர் பெயருக்கு மாறும், கிழவருக்கும் ஒரு மூலை கிடைக்கும். தோட்ட வேலையே வேண்டாம் என்றுதான் பெற்றோர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனால் கூரை போகிறது.

இந்த நிலை தானாக வந்ததல்ல. அதில் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு.

பூஞ்சாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ 1877இல் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர் தேயிலை வந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக அரிசி ஏறியது. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் எல்லைக்குள் இருந்தாலும் அந்த மலைக்கு மூச்சு கிழக்கிலிருந்தே வந்தது. இன்றும் மூணாறிலிருந்து போடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர்தான். திருவனந்தபுரத்துக்கு 250 கிலோமீட்டருக்கு மேல்.

மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தென்தாலுகாக்களோடு தேவிகுளம், பீர்மேட்டையும் சென்னையோடு சேர்க்கச் சொன்னது. நேசமணியின் தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது திருவனந்தபுரத்தில் முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய ஆட்சியில்தான் உயர்மலைப் பகுதியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. சமவெளியிலிருந்து மலையாளிக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டு, ஆளுக்கு ஐந்து ஏக்கர் கொடுக்கப்பட்டது. கல்லாறு அருகே பட்டம் காலனி என்ற பெயரே இன்றும் இருக்கிறது. உணவு உற்பத்திக்காக என்று சொல்லப்பட்டது. எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் மலையில் மலையாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டவே என்று தமிழர்கள் சொன்னார்கள். காரணம் எதுவானாலும், புதிதாக வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே உழைத்தவர்களுக்கு லயம் மட்டுமே மிஞ்சியது.

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னைக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தேவிகுளத்தில் பெரும்பான்மையினர் தமிழர்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், நிலையாகத் தங்கியவர்கள் அல்ல என்பதே எதிர்வாதம். செங்கோட்டைத் தாலுகாவும் பிறகு முழுசாக வரவில்லை. ஒரு பகுதி கேரளத்தில் நின்றது. அன்றைய சென்னை முதல்வர் காமராஜர் "குளமாவது மேடாவது" என்று சொல்லி விட்டுக்கொடுத்தார் என்று தமிழ்நாட்டு மேடைகளில் இன்றுவரை சொல்கிறார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ, 1956 நவம்பர் 1ஆம் தேதி மலை கேரளத்தில் இருந்தது. மலைமேல் இருந்தவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

தற்காலிகக் குடிகள் என்று சொல்லப்பட்டவர்களின் ஓட்டு மட்டும் தற்காலிகமாக இருக்கவில்லை. 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதலாவதாகப் பதவியேற்ற ரோசம்மா புன்னூஸ், தேவிகுளத்தின் உறுப்பினர்தான். எதிர் வேட்பாளரின் மனு தவறாகத் தள்ளப்பட்டது என்று அந்தத் தேர்தலும் ரத்தாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. மிகச் சிறிய பெரும்பான்மையில் ஓடிக்கொண்டிருந்த இ.எம்.எஸ். அமைச்சரவைக்கு அது பெரிய சோதனை. பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறி வந்து லயம் லயமாகப் பாடினார். கூடவே வந்த தம்பி பிற்பாடு இளையராஜாவானார். ரோசம்மா ஜெயித்தார், திருவனந்தபுரத்தில் ஆட்சி நிமிர்ந்தது. தேவிகுளத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள உறவு 2023இல் தொடங்கியதல்ல.

1971இல் கேரளம் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தேயிலைக்குத் தேவையான நிலம் கம்பெனிக்கு, மற்றது அரசுக்கு. மீட்ட நிலத்தை நிலமற்றவர்களுக்குப் பகிர்வதும் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. பிறகு ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மூணாறில் தங்கும் விடுதிகள் முளைத்தன. ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007இல் அச்சுதானந்தன் அரசு அனுப்பிய இயந்திரங்கள் கட்டடங்களை இடித்தது நாடெங்கும் செய்தியானது. தொழிலாளர்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் சில சென்ட் மனைகள் ஒதுக்கப்பட்டன. பட்டா கையில் இருந்தும் மனை எது என்று தெரியாமல் காத்திருந்தவர்கள் உண்டு. நிலச் சீர்திருத்தத்தில் நாட்டுக்கே வழிகாட்டியதாகப் பெருமைப்படும் மாநிலத்தில், தோட்டங்கள் உச்சவரம்பிலிருந்து விலக்கப்பட்டதால் தோட்டத் தொழிலாளியும் அந்தச் சீர்திருத்தத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டார்.

சரி, ஓய்வு பெறுபவரின் கையில் என்ன இருக்கும்? பிராவிடண்ட் ஃபண்ட் கொஞ்சம், கிராஜுவிட்டி கொஞ்சம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. 35 ஆண்டுகள் கொழுந்து பறித்தவருக்கு 525 நாள் கூலி. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் தாங்களே தெருவில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அதையொட்டி நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆக ஏறியது. அந்த ஏறிய கூலியில் கணக்கிட்டால் 525 நாளுக்கு 1,58,025 ரூபாய். சுற்றுலாப் பயணிகளால் விலை ஏறிக் கிடக்கும் மூணாறில் அதற்குப் பட்டா நிலம் கிடைக்காது. கயத்தாறு பக்கமோ, சங்கரன்கோவில் பக்கமோ, போடிக்குக் கீழேயோ கரட்டுக்காட்டில் இரண்டு மூன்று சென்ட் வாங்கலாம். எந்த மாநிலம் என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை இந்தக் கணக்கே எழுதிவிடுகிறது.

மீதிப் பாதியைச் சான்றிதழ்கள் எழுதுகின்றன. தாழ்த்தப்பட்டோர் பட்டியலைப் பிறப்பித்த குடியரசுத் தலைவர் ஆணையின் தேதி 1950 ஆகஸ்ட் 10. அந்தத் தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ, அந்த மாநிலத்தில்தான் சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டவராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே சாதி பட்டியலில் இருந்தாலும் இட ஒதுக்கீடு கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது. 2018இல் மறுபடி உறுதிப்படுத்தியது. சட்டத்தின் கண்ணில் இது தெளிவானது. மலையில் அப்படி இல்லை. 1950இல் பாட்டன் கங்காணியின் பேரேட்டில் ஒரு பெயர். நிலம் இல்லை, அதனால் வரி ரசீது இல்லை. பேரேட்டைக் கரையான் தின்றிருந்தால் கேரளத் தாசில்தார் அலுவலகத்தில் 'நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்' என்பார்கள். தமிழ்நாட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால் 'அப்பா பிறந்ததே மூணாறில், நீங்கள் கேரளத்துக்காரர்' என்பார்கள். இரண்டு பேரும் விதியைத்தான் சொல்கிறார்கள்.

படிப்பிலும் இதே கதை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மூணாறில் அரசுப் பள்ளியில் தமிழிலேயே படித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. கேரளத்தில் அரசு வேலைக்குப் போட்டியிட்டால் மலையாளம் தெரியாதது தடை. எனவே, பேரப்பிள்ளை எந்த வகுப்பில் இருக்கும்போது மலையிறங்குவது என்பதும் குடும்பத்தின் கணக்கில் சேர்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்பது விவரம் தெரிந்தவர்களின் யோசனை. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கும் பெண் அதற்கு என்ன செய்வார்? பிள்ளையை மட்டும் ஊரில் பாட்டி வீட்டில் விடுவார். குடும்பம் பிரிவது அப்படித்தான் தொடங்குகிறது.

உதவித்தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 2023இல் 1,200 ரூபாய் ஆனது. கேரளத்தில் சமூகநல ஓய்வூதியம் 2025 நவம்பரிலிருந்து 2,000. தமிழ்நாட்டில் விலையில்லா அரிசி உண்டு, 2023 செப்டம்பரில் தொடங்கிய பெண்களுக்கான மாதம் 1,000 ரூபாயும் உண்டு. கேரளத்தின் அரசு மருத்துவமனைகள் மேல் என்று சிலர் சொல்வார்கள். மூணாறிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் தேனி வந்துவிடும் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு ரேஷன் கார்டு வைத்துச் சமாளித்தவர்களும் இருந்தார்கள். ஆதார் வந்தபின் அது சுலபமில்லை.

இங்கே திருவனந்தபுரத்துத் தமிழர்களை நினைத்துப் பார்க்கலாம். சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்கிரகாரத்திலும் தலைமுறைகளாக இருப்பவர்கள். நீல பத்மநாபனும் ஆ. மாதவனும் தமிழில் எழுதிச் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது இந்த ஊரில் இருந்துகொண்டுதான். நாகர்கோவில் வேறு மாநிலத்துக்குப் போனபோதும் அவர்களில் பலர் நகரவில்லை. வீட்டில் தமிழும் வெளியே மலையாளமும் பேசிக்கொண்டு, கேரளத்தவராகவும் தமிழராகவும் இருப்பதில் அவர்களுக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. மொழிச் சிறுபான்மையினர் மீது கேரளத்துக்கு வெறுப்பு என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வித்தியாசம் மொழியில் இல்லை. சாலைத் தமிழருக்குக் கடை சொந்தம், வீடு சொந்தம். மலைத் தமிழருக்கு எதுவும் சொந்தமில்லை. அதனால்தான் 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்கள் குழந்தைகளோடு எல்லை தாண்டித் தேனி மாவட்டத்துக்கு நடந்து வந்தார்கள். விட்டுவிட்டு வருவதற்கு அவர்களிடம் பாத்திரம் பண்டம் தவிர ஒன்றும் இருக்கவில்லை. பதற்றம் தணிந்ததும் வேலைக்காகத் திரும்பிப் போனவர்களும் அவர்களே.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். உறவினர்கள் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து மலையேறி வந்தார்கள். கிடைத்த உடல்களை அங்கேயே வரிசையாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் மனையும் வீடும் கிடைத்தன. லயத்திலிருந்து பட்டா வீட்டுக்குப் போக மூணாறுத் தமிழருக்கு வழி இருக்கிறது என்று காட்டிய சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. அதற்கு எழுபது உயிர் போக வேண்டியிருந்தது. அரசு நினைத்தால் ஒரு வருஷத்துக்குள் செய்ய முடிகிற காரியம் என்பதும் அதில் தெரிந்தது.

திருவனந்தபுரத்தில் மலைத் தமிழரின் நினைவு எழுவது ஓட்டுச் சமயத்தில்தான். 2021 ஏப்ரல் 6ஆம் தேதி இரண்டு மாநிலங்களிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. இரட்டை ஓட்டுப் போட வருகிறார்கள் என்ற புகாரில் எல்லைச் சாவடிகளில் காவல் போட்டார்கள். 2025 நவம்பரில் தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தம் இரண்டு மாநிலங்களிலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. மூணாறு லயத்துக்கும் படிவம் வந்தது, கயத்தாறில் மூன்று சென்ட் மனையில் எழுப்பிய வீட்டுக்கும் படிவம் வந்தது. ஒன்றைத்தான் நிரப்பிக் கொடுக்கலாம். இரண்டிலும் கேட்டிருந்தது 2002ஆம் ஆண்டு வாக்கில் இருந்த பழைய பட்டியலில் பெயரோ, பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்ற விவரம். பெயர் மூணாறில் இருந்தது. வீடு கயத்தாறில் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருப்பவர்கள் படிவத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மகனுக்கு போன் போட்டார்கள்.